அர்த்தம் தெரியாது, ஆனால் உலகச் சாம்பியன்!

2015-ம் ஆண்டு ஜூலை மாதம். பெல்ஜியம் நாட்டில் ஒரு போட்டி நடந்தது. பிரெஞ்சு மொழிச் சொற்களைப் பலகையில் அடுக்கி ஆடும் போட்டி. பிரெஞ்சு பேசும் பல நாடுகளிலிருந்து கெட்டிக்காரர்கள் வந்து கூடினார்கள்.

கடைசியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர் ஒரு நியூஜிலாந்துக்காரர். பெயர் நைஜல் ரிச்சர்ட்ஸ். ஒல்லியான மனிதர். நீண்ட தாடி. அதிகம் பேசமாட்டார்.

அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது!

ஆம். ஒரு கடைக்குப் போய் பிரெஞ்சில் ரொட்டி கேட்டு வாங்குமளவுக்குக்கூட அவருக்கு அந்த மொழி வராது. போட்டிக்கு முன்னால் சுமார் ஒன்பது வாரங்கள் பிரெஞ்சுச் சொல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். எந்தெந்த எழுத்துக்கள் சேர்ந்தால் ஒரு சொல் ஆகும் என்பதை மட்டும் மனத்தில் ஏற்றினார். அர்த்தத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அதோடு விட்டாரா? 2024-ல் ஸ்பெயின் நாட்டில் கிரானடா நகருக்குப் போனார். அங்கே ஸ்பானிஷ் மொழிப் போட்டியிலும் உலகப் பட்டம் பெற்றார். ஸ்பானிஷும் அவருக்குத் தெரியாது!

செஞ்சியில், திண்டிவனத்தில், விழுப்புரத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பயப்படுகிறார்கள். "இங்கிலீஷ் நமக்கு வராது" என்பதுதான் அது. அந்த வீடுகளில் இந்த விளையாட்டின் கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் பெயர் வாங்கியவர்களில் பலர் இங்கிலீஷ்காரர்கள் அல்ல.

நூறு காய், ஒரு பலகை

இந்த விளையாட்டுக்கு ஸ்கிராபிள் என்று பெயர். கையால் துழாவுவது, பிறாண்டுவது என்று அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம். பையில் கையை விட்டுத் துழாவிக் காய் எடுப்பதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

பலகையில் நீளவாட்டில் 15 கட்டம், அகலவாட்டில் 15 கட்டம். மொத்தம் 225 கட்டங்கள். பையில் 100 காய்கள். 98 காய்களில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்று பொறித்திருக்கும். மீதி இரண்டு வெறுங்காய்கள். சீட்டுக்கட்டில் ஜோக்கர் மாதிரி அவற்றை எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஏழு காய்களை எடுத்து, எதிரி பார்க்காதபடி ஒரு சிறு தாங்கியில் நிறுத்திக்கொள்வார். அவற்றைக்கொண்டு பலகையில் ஒரு சொல் அமைக்க வேண்டும். அடுத்தவர் வைக்கும் சொல், முதல் சொல்லோடு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறுக்கெழுத்துக் கட்டம் போலப் பலகை மெல்ல மெல்ல நிறையும்.

தமிழில் ஒரு உதாரணம் பாருங்கள். உங்கள் கையில் 'க', 'வி', 'தை' என்று மூன்று காய்கள் இருக்கின்றன. 'கதை' வைக்கலாம். 'விதை' வைக்கலாம். 'கவி' வைக்கலாம். கொஞ்சம் யோசித்தால் மூன்றையும் சேர்த்துக் 'கவிதை' என்றே வைத்துவிடலாம்! இந்த ஆட்டத்தின் ருசி முழுவதும் இந்தக் கலைத்துப் போட்டு அடுக்குவதில்தான் இருக்கிறது.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அடிக்கடி வரும் 'ஈ', 'ஏ' போன்ற எழுத்துக்களுக்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமாக வரும் 'க்யூ', 'இசட்' எழுத்துக்களுக்குப் பத்துப் பத்துப் புள்ளி. சில கட்டங்கள் எழுத்தின் மதிப்பை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்கும். சில கட்டங்கள் முழுச் சொல்லின் மதிப்பையே அப்படிப் பெருக்கும். கையிலுள்ள ஏழு காய்களையும் ஒரே தடவையில் இறக்கிவிட்டால் 50 புள்ளி இனாம்!

வேலை போனவர் செய்த வேலை

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பிரட் பட்ஸ். கட்டடங்களுக்குப் படம் வரையும் தொழில் அவருடையது. 1930-களில் அமெரிக்காவை வேலையில்லாத் திண்டாட்டம் பிடித்து ஆட்டியது. வீடு கட்டுவோர் இல்லை. படம் வரைய ஆள் எதற்கு? பட்ஸுக்கு வேலை போயிற்று.

சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பத்திரிகையை எடுத்தார். படிப்பதற்கு அல்ல, எண்ணுவதற்கு! எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கம் அவருக்கு உதவியது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த எழுத்துக்கு எத்தனை காய் என்று முடிவு செய்தார். 'ஈ' என்ற எழுத்துக்கு 12 காய்கள். 'இசட்' எழுத்துக்கு ஒரே காய்.

'எஸ்' எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் ஏராளமாக வரும். ஆனாலும் அவர் நான்கே காய்கள்தான் கொடுத்தார். ஏன் தெரியுமா? எந்தச் சொல்லோடும் ஒரு 'எஸ்' சேர்த்தால் பன்மையாகிவிடும். ஆட்டம் சுலபமாகிவிடும். மனிதர் எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்!

ஆனால் விளையாட்டை விற்க அவரால் முடியவில்லை. கம்பெனிகள் கையை விரித்தன. 1948-ல் ஜேம்ஸ் புருனாட் என்ற நண்பர் அதை வாங்கி, ஸ்கிராபிள் என்று பெயர் சூட்டி, பாழாய்க் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துத் தயாரித்தார். 1949-ல் 2,400 பெட்டிகள் விற்றும் அவருக்கு நஷ்டம்தான். 1952-ல் நியூயார்க்கின் பெரிய கடை ஒன்று வாங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப் பெட்டி போதவில்லை.

பொழுதுபோக்காக இருந்தது பிறகு போட்டியாயிற்று. 1991-ல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது. போட்டி ஆட்டத்தில் ஒருவருக்கு 25 நிமிடந்தான். பக்கத்தில் கடிகாரம் ஓடும். நேரம் தாண்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி அபராதம். பையில் காய் எடுக்கும்போது பையைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது அல்லவா!

பாங்காக்கில் நடந்தது என்ன?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்த ஆட்டம் வளர்ந்ததில் அதிசயம் இல்லை. பாங்காக் நகரத்தில் வளர்ந்ததுதான் அதிசயம்.

நம் தாத்தாக்கள் சயாம் என்று சொன்ன நாடுதான் தாய்லாந்து. அதன் தலைநகர் பாங்காக். வெள்ளைக்காரர் ஆட்சிக்கு உட்படாத நாடு அது. நமக்கு 200 ஆண்டு கும்பினியும் கவர்னரும் கற்றுக் கொடுத்த இங்கிலீஷ் அவர்களுக்கு இல்லை. கடைத்தெருவில், பள்ளிக்கூடத்தில், சர்க்கார் ஆபீசில் எல்லாம் தாய் மொழிதான்.

அப்படிப்பட்ட நகரத்தில் பள்ளிக்கூடங்கள் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டன. அங்கே இதற்குக் 'கிராஸ்வேர்ட்' ஆட்டம் என்று பெயர். வகுப்பு முடிந்தபின் பிள்ளைகள் பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பள்ளிக்கும் பள்ளிக்கும் போட்டி வந்தது. வயதுவாரியாகப் பிரிவுகள் வந்தன. பெரிய அங்காடி மாளிகைகளில், சாமான் வாங்க வருகிற கூட்டத்துக்கு நடுவே, வரிசை வரிசையாக மேஜை போட்டுப் போட்டி நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்து ஆடினார்கள்.

'கிங்ஸ் கப்' என்ற மன்னர் கோப்பைப் போட்டி பாங்காக்கில் ஆண்டுதோறும் நடந்து உலகப் புகழ் பெற்றது. கோழிச் சாறு விற்கும் ஒரு கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. கோழிச் சாற்றுக்கும் இங்கிலீஷ் சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. வியாபாரிக்கு வழி தெரிந்தது.

மன்னர் பெயரில் கோப்பை என்றால் பெற்றோர் தடுப்பார்களா? "விளையாடிப் பொழுதைக் கெடுக்காதே" என்று சொல்ல வேண்டிய அம்மாவே பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். விளையாட்டு படிப்பாயிற்று. எண்களையும் கூட்டல், கழித்தல் குறிகளையும் காய்களில் பொறித்து, கணக்கு அமைத்து ஆடும் 'ஏ-மேத்' என்ற ஆட்டமும் இதைப் பார்த்தே தாய்லாந்துப் பள்ளிகளில் பரவியது.

பலன் என்ன? 2003-ல் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் உலகப் போட்டி. கடைசி ஆட்டத்தில் மோதிய இருவருமே தாய்லாந்துக்காரர்கள்! பானுபோல் சுஜ்ஜயாகோர்ன் என்ற 19 வயது இளைஞர் வென்றார். தோற்றவர் பக்கோர்ன் நெமிட்மன்சுக். அவர் விடவில்லை. 2009-ல் மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில் நடந்த உலகப் போட்டியில், கதையின் தொடக்கத்தில் வந்த நைஜல் ரிச்சர்ட்ஸையே தோற்கடித்து அவரும் உலகச் சாம்பியன் ஆனார்.

பானுபோல் பட்டம் பெற்றபோது அவரால் ஆங்கிலத்தில் சரளமாகப் பேச முடியவில்லை. பத்திரிகைக்காரர்கள் திகைத்துப் போனார்கள்.

எப்படிப் படித்தார்கள்?

அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உருப்போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு முறை உண்டு.

முதலில் இரண்டெழுத்துச் சொற்கள். போட்டிக்குரிய காலின்ஸ் சொற்பட்டியலில் இவை 120-க்கு மேல் இருக்கின்றன. இவைதான் ஆட்டத்துக்குச் செங்கல், சுண்ணாம்பு. அடுத்து மூன்றெழுத்துச் சொற்கள். அதன்பிறகு நேராக ஏழெழுத்து, எட்டெழுத்துச் சொற்களுக்குத் தாவுவார்கள். 50 புள்ளி இனாம் அங்கேதானே இருக்கிறது!

ஏழெழுத்துச் சொற்களிலும் எல்லாவற்றையும் சமமாகப் படிப்பதில்லை. பையில் எந்த எழுத்து அதிகமோ, அந்த எழுத்துக்களால் ஆன சொற்களை முதலில் படிப்பார்கள். ஏனென்றால் அவைதான் அடிக்கடி கைக்கு வரும். இது மொழிப் பாடம் அல்ல, கணக்குப் பாடம்.

ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்களைக் கலைத்து, அகர வரிசையில் அடுக்கி எழுதி வைப்பார்கள். கலைந்த எழுத்தைப் பார்த்தவுடன் சொல் மனத்தில் எழ வேண்டும். களத்துமேட்டில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே ரகம் சொல்லிவிடும் விவசாயியைப் போல!

ஆட்டத்தின் முடிவில் இன்னொரு வேலை. பலகையில் இறங்கிய காய்களை ஒவ்வொன்றாகத் தாளில் அடித்துக்கொண்டே வருவார்கள். பை காலியாகும்போது எதிரியின் கையில் என்ன ஏழு காய்கள் இருக்கின்றன என்று பார்க்காமலே தெரிந்துவிடும். அப்புறம் நடப்பது சதுரங்கம்தான்.

தாய் எழுத்தும் நம் எழுத்தும்

இவ்வளவுக்கும் தாய் மொழி எழுத்து, ஆங்கில எழுத்தைப் போல நேர்வரிசையில் ஓடுவது அல்ல. மெய்யெழுத்துக்கு முன்னால், பின்னால், மேலே, கீழே என்று உயிர்க்குறிகள் ஒட்டிக்கொள்ளும். நாம் 'செ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு, வாயால் 'ச்' என்ற ஒலியை முதலில் சொல்கிறோமே, அதே வேடிக்கை தாய் எழுத்திலும் உண்டு.

இது தற்செயல் அல்ல. தாய் எழுத்து, கெமர் எழுத்து எனப்படும் கம்போடிய எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்தோ பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்தது. பல்லவர் எழுத்து கடல் ஏறிப் போன கதையை எழுத்து ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

பல்லவர் எழுத்தைக் காணச் செஞ்சிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் 7-ம் நூற்றாண்டில் குடைந்த குகைக் கோயில் உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக அரசன் பெருமையோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அந்த எழுத்தின் வம்சத்தில் வந்த எழுத்தைத்தான் பாங்காக் பிள்ளைகள் தினமும் எழுதுகிறார்கள்.

ஆக, கொம்பும் காலும் போட்டு எழுதிப் பழகிய பிள்ளைகள் ஆங்கில எழுத்துப் பலகையில் உலகை வென்றுவிட்டார்கள். நம் பிள்ளைகளும் கொம்பும் காலும் போட்டு எழுதுகிறவர்கள்தானே!

நைஜீரியாவும் நம் நாடும்

ஆப்பிரிக்காவில் நைஜீரியா இந்த ஆட்டத்தை ஓட்டப் பந்தயம், குத்துச்சண்டை போல ஒரு விளையாட்டாகவே மதிக்கிறது. 2015 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வெலிங்டன் ஜிகேரே என்ற நைஜீரியர் உலகப் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவுக்கு அதுவே முதல் பட்டம். அந்த நாட்டு ஜனாதிபதியே டெலிபோனில் கூப்பிட்டு வாழ்த்தினார்.

நம் நாட்டில்? 2007-ல் உலகப் போட்டி பம்பாயில், அதாவது மும்பையில்தான் நடந்தது. கடைசிச் சுற்றில் நைஜல் ரிச்சர்ட்ஸை எதிர்த்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம்! பெயரைக் கேட்டாலே நம் காதுக்குப் பழக்கமாக இருக்கிறது அல்லவா? நைஜல்தான் வென்றார். ஆனால் உலகத்தில் இரண்டாவது இடம் என்றால் சாதாரணமா? ஒரே நேரத்தில் 25 பேருடன் ஆடி 21 பேரை வென்று கின்னஸ் சாதனை செய்தவரும் இந்தக் கணேஷ்தான்.

கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா என்ற அண்ணன் தம்பி இருவர் வேறொரு வகையில் உலகத்தைக் கலக்கினார்கள். கம்ப்யூட்டரில் இந்த ஆட்டத்தை ஆடும்படி 'ஸ்கிராபுலஸ்' என்று ஒன்றை அமைத்தார்கள். 2007, 2008-ல் பேஸ்புக்கில் தினமும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அதை ஆடினார்கள். ஸ்கிராபிள் உரிமையுள்ள கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2008 செப்டம்பரில் டில்லி ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆட்டத்துக்குப் பதிப்புரிமை கேட்க முடியாது. ஆனால் பெயரை அந்த மாதிரி வைக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். சகோதரர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் இன்னும் பெரிய பள்ளிகளையும் ஆங்கிலம் புழங்கும் வீடுகளையும் தாண்டிச் சிற்றூர்களுக்குப் பரவவில்லை. பலகை ஆட்டமே நமக்கு வராது என்று சொல்ல முடியுமா? சென்னையைப் பாருங்கள். 1972-ல் சோவியத் கலாசார நிலையத்தில் மிகையில் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார்கள். மானுவல் ஆரோன் அங்கே வழிகாட்டினார். அங்கே ஆடிய சிறுவன் விசுவநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். தொடக்கத்தில் இருந்தது ஓர் அறை, சில பலகைகள், சொல்லிக் கொடுக்க ஓர் ஆள். அவ்வளவுதான்.

இட்லி செல்லும், செஞ்சி செல்லாது!

தமிழர் வீட்டுப் பிள்ளை இந்தப் பலகையில் உட்கார்ந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நம் அடுப்படியே அங்கே இருக்கிறது!

காலின்ஸ் பட்டியலில் 'இட்லி' உண்டு. ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஐந்து புள்ளி. 'தோசை'யும் 'தோசா' என்ற உருவில் உண்டு. அதற்கும் ஐந்து புள்ளி. 'சாம்பார்' உண்டு. 'கறி' ஆங்கிலத்தில் 'கர்ரி' ஆகி 10 புள்ளி கொடுக்கிறது. 'மிளகுத்தண்ணி' என்பதை வெள்ளைக்காரர்கள் 'முல்லிகடானி' என்று சொல்லி 12 எழுத்தில் எழுதினார்கள். 'கட்டுமரம்', 'கட்டமரான்' ஆயிற்று. 'அணைக்கட்டு', 'அனிக்கட்' ஆயிற்று.

எல்லாவற்றிலும் லாபமானது நம் சுருட்டு! 'செரூட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக ஏழு எழுத்து. எழுத்துக்களின் மதிப்பு 12 புள்ளி. கையிலுள்ள ஏழும் ஒரே வீச்சில் போவதால் இனாம் 50. பாட்டனார் பிடித்த சுருட்டுக்கு 62 புள்ளி! கட்டத்தின் பெருக்கல் தனி.

ஆனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் செல்லாது. எனவே செஞ்சிக்கு இடமில்லை. பாவம், இந்த ஊருக்குப் பெயர்களுக்கா பஞ்சம்? பிஜப்பூர் சுல்தானின் ஆட்கள் பாதுஷாபாத் என்றார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். மொகலாயர் பல ஆண்டு முற்றுகையிட்டு 1698-ல் கோட்டையைப் பிடித்து நஸ்ரத்கட் என்றார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் வந்து 'ஜிஞ்ஜீ' என்று எழுதினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சிக் கோட்டையும் ஏறிவிட்டது. ஆனாலும் ஸ்கிராபிள் பலகையில் மட்டும் ஏற முடியாது!

ஒன்று மட்டும் ஆறுதல். நல்லெண்ணெய்க்கு அந்தக் கால ஆங்கிலத்தில் 'ஜிஞ்சலி' என்று பெயர். அது பொதுச் சொல். அது செல்லும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி

"அர்த்தம் தெரியாமல் சொல்லை உருப்போடுவது ஒரு படிப்பா?" என்று ஒரு தகப்பனார் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தால் ஆங்கிலப் பேச்சு வந்துவிடாது. கடிதம் எழுத வராது. 'கி' என்று ஒரு சீனச் சொல் ஆங்கில அகராதியில் இருக்கிறது. உயிர்ச் சக்தி என்று பொருள். 'க்யூ' எழுத்தைக் கழித்துக் கட்டப் போட்டிக்காரர்கள் அதை அடிக்கடி வைப்பார்கள். அதை நூறு தடவை வைத்தவருக்கும் சீனத்துத் தத்துவம் தெரிந்துவிடாது.

ஆனால் வேறொன்று நடக்கிறது. எழுத்தைக் கண்டால் வரும் நடுக்கம் போய்விடுகிறது. நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை, அதைக் காய் காயாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது. அதன்பிறகு அர்த்தத்தைச் சொல்லிக் கொடுப்பது வாத்தியாரின் பாடு. பயந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பயம் போன பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது.

வீட்டில் ஆடும்போது ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம். அர்த்தம் சொன்னால்தான் புள்ளி! உலகப் போட்டியில் அந்த விதி இல்லை. வீட்டில் சட்டம் போடுவது அம்மாதானே!

தமிழில் ஆட முடியுமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. முடியும். ஆனால் சுலபம் அல்ல.

ஆங்கிலத்தில் எழுத்து 26. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எழுத்துக்கு ஒரு காய் வைத்தால்கூட நூறு காய்ப் பையில் அடங்காது.

ஒரு வழி, உயிரையும் மெய்யையும் பிரித்து வைப்பது. அப்போது 31 காய்வகை போதும். 'செஞ்சி' என்பது 'ச், எ, ஞ், ச், இ' என்று ஐந்து காய் ஆகும். பள்ளியில் பிரித்தெழுதிப் பழகியவர்களுக்கு இது சரிப்படும். சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள்.

இன்னொரு வழி, 'க' காயைக் 'கா' என்றும் 'கி' என்றும் 'கோ' என்றும் விருப்பம் போல் வைத்துக்கொள்ள விடுவது. அப்போது 'க', 'த' இரண்டே காயில் கதை, காது, கீதை எல்லாம் வந்துவிடும். குடும்பத்தோடு ஆட இதுவே தேவலை. ஆனால் போட்டிக்கு ஆகாது. மிகவும் இளகிப் போகிறது.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. எது சொல், எது சொல் அல்ல என்று யார் தீர்ப்பது? சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. ஆனால் 'வா' இருக்கும். 'வந்தான், வந்தாள், வருவார்கள், வராதவன்' எல்லாம் தனித்தனியாக இராது. ஆங்கிலத்தில் 2,80,000 சொற்களை வரிசையாக அச்சிட்டு நடுவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சண்டைக்கு இடமில்லை. தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் தயாரானால்தான் கோப்பை வைத்துப் போட்டி நடத்த முடியும்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ஸ்கிராபிளில் ஒற்றை எழுத்தைச் சொல்லாக வைக்க முடியாது. நமக்கோ ஆ, ஈ, கை, தீ, பூ, வா என்று ஓரெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. 'ஐ' என்ற எழுத்தே ஒரு சொல். தலைவன் என்று பொருள்.

செஞ்சிக்கு வடக்கே திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக வெட்டிய பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது தொடங்குவதே 'ஐ' என்ற எழுத்தில்தான். தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' எழுத்து முதன்முதல் காணப்படும் இடம் அதுவே என்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். தமிழ்க் காய்ப் பை தயாரானால், 'ஐ' காய்க்கு எத்தனை புள்ளி கொடுப்பது என்று செஞ்சிக்காரர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்!

பட்ஸ் செய்த வேலையை எந்த வீட்டிலும் செய்யலாம். பத்திரிகையின் ஒரு பக்கம், ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். எழுத்துக்களை வரிசையாக எழுதிக்கொண்டு, வர வர ஒரு கோடு போட வேண்டும். அண்ணன் வாசிக்க, தங்கை கோடு போடலாம். 'க்', 'ம்', 'து' இவற்றுக்கு எதிரே கோடுகள் மளமளவென்று சேர்ந்துகொண்டே போகும். 'ழ' வரிசையில் கொஞ்சம் விழும். 'ஞ்' வரிசையில் செஞ்சி, பஞ்சு, மஞ்சள், நெஞ்சு என்று சில விழும். 'ஙௌ' என்ற எழுத்துக்கு எதிரே, எத்தனை பக்கம் எண்ணினாலும் ஒரு கோடு விழாது. அந்தக் காயைச் செய்யவே வேண்டாம், அட்டை மிச்சம்!